அணிலின் பெயரில் ஒரு காடு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் காட்டுயிர்க் கல்வி

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்பு, வேட்டைத் துப்பாக்கிக்கு எதிரான ஏற்பாடாகவே முதலில் வளர்ந்தது. 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும், 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்திலும் குழந்தைகளுக்கு இடமில்லை. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம், காட்டையும் உயிர்களையும் காப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் சேர்த்தது. அதை எந்த வயதில், எங்கே வைத்துக் கற்றுக்கொடுப்பது என்று அது சொல்லவில்லை. பள்ளிகளுக்கு மிஞ்சியது அக்டோபர் முதல் வாரத்து வன உயிரின வாரம்தான்: ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, சான்றிதழ்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவிலுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு 1988 ஒரு திருப்பம். அவ்வாண்டு சுமார் 480 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் சிறுத்தையும் நடமாடும் இம்மலைக்குச் சாம்பல்நிற மலையணிலின் பெயரைச் சூட்டியதை, கல்வி நோக்கில், அந்த அறிவிப்பின் மிகச் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன். புலியைப் பிள்ளைகள் படத்தில்தான் பார்ப்பார்கள்; அணிலோ வீட்டு முற்றத்தில் ஓடும் பிராணியின் பெரிய உறவு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இது, உயர்ந்த கிளைக் கவட்டில் இலையும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டும். தரையிறங்குவது அரிது, கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும். ஒரு மரம் வெட்டப்பட்டால் அதன் பாதை அறுகிறது. சூழலியலின் அடிப்படைப் பாடம் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

கற்பிப்பதற்கான அமைப்புகளும் ஏறக்குறைய அக்காலத்தில்தான் உருவாயின. சாலி வாக்கர் 1985இல் தொடங்கி, பின்னர் கோவையிலிருந்து இயங்கிய ‘ஜூ அவுட்ரீச்’ அமைப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பிள்ளைகளுக்கு முகமூடி, அட்டை போன்ற விளையாட்டுக் கருவிகளும் தந்தது. சென்னையில் 1989இல் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவும் திரையரங்குகளில் விழிப்புணர்வு சிலைடுகள் காட்டவும் உத்தரவிட்டது. சிலைடுகள் வந்த வேகத்தில் பாடம் வரவில்லை. 2001இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படை பள்ளிதோறும் சூழல் மன்றங்களை அமைக்க முனைந்தது. பாடம் வந்தபோது மதிப்பெண்ணும் கூடவே வந்தது. உணவுச் சங்கிலியைப் பிழையின்றி வரையும் மாணவர் பலர், தம் ஊர் மலையின் மரங்களில் ஐந்தின் பெயர் சொல்லத் திணறுவார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள். டி.எஸ். சுப்பிரமணிய ராஜாவின் முன்முயற்சியில் இயங்கும் ராஜபாளையம் வனவிலங்குச் சங்கம் இவர்களில் முக்கியமானது. நாட்டு நாய்க்குப் பெயர்பெற்ற ராஜபாளையத்துக்குக் காட்டு உயிர்களின் மீதும் ஒரு கண் உண்டு என்பதை வெளியூரார் அதிகம் அறியார். உள்ளூராரின் பங்கு இங்கே இன்றியமையாதது. அணிலின் வாழிடம் வனத்துறை எல்லைக்கல்லோடு முடிவதில்லை. செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கமுள்ள அடிவாரத்தின் தனியார் மாந்தோப்புகளும் புளியமரங்களும் அதன் நடமாட்ட வெளிதான். தோப்புக்காரரின் மகனோ மகளோ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இவ்வட்டாரக் கல்வியின் தனி வலிமை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறும் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பையைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லும் குரல், பிள்ளையின் குரலாக இருந்தால் எடுபடும்.

2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து 1,016.57 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகமாயின. இந்தியாவின் 51ஆவது, தமிழகத்தின் ஐந்தாவது. பாதுகாப்புக்கு இது பெரும் பலம். நிதியும் கண்காணிப்பும் கூடும். கல்விக்கு மட்டும் ஒரு சிறு இழப்பு: காப்பகத்தின் பெயரில் அணில் இல்லை. சுவரொட்டியில் மறுபடியும் புலி ஏறிக்கொள்ளும்.

ஆகவே இவ்வட்டார ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வன உயிரின வாரத்தில் ஓவியத் தாளோடு நிறுத்திக்கொள்ளாமல், பிள்ளைகளை அடிவாரத் தோப்பு ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். மலையை அறிந்த பளியர் பழங்குடி முதியவர் ஒருவரையும் உடன் அழையுங்கள். காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். தோப்புக்கு உரிமையாளரின் ஒரு சொல் போதும்.