டென்மார்க் அரசமரபு

ஐரோப்பாவில் இன்றும் நிலைத்திருக்கும் முடியாட்சிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று டென்மார்க் அரசமரபு. இதன் தொடக்கம் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யட்லாந்து தீபகற்பத்தின் யெல்லிங் என்னும் ஊரில் கோர்ம் மன்னரும் அவர் மகன் ஹரால்டும் நாட்டிய இரு கல்வெட்டுகளே இதற்குச் சான்று. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றதாகவும், டேனியரைக் கிறித்தவர் ஆக்கியதாகவும் ஹரால்டு தம் கல்லில் பொறித்துள்ளார். நீலப்பல் ஹரால்டு என்று அழைக்கப்பட்ட இவருடைய பெயரே பிற்காலத்தில் கைப்பேசிகளின் புளூடூத் நுட்பத்துக்கு இடப்பட்டது.

இடைக்காலத்தில் டென்மார்க்கின் அரியணை முழு வாரிசுரிமையாக இருக்கவில்லை. பெரும்பாலும் அரசரின் மகனே அரசரானார் என்றாலும், பிரபுக்கள் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறு தேர்ந்தெடுப்பதற்கு ஈடாக அவர்கள் கேட்டது எழுத்துமூலமான உறுதிமொழி. 1282இல் ஐந்தாம் எரிக் மன்னர் நியூபோர்க்கில் இத்தகைய உறுதிச் சாசனத்துக்கு முதன்முதலாக ஒப்புதல் தந்தார். பிரபுக்களின் அவையை ஆண்டுதோறும் கூட்டவும், சட்டத்துக்குப் புறம்பாக யாரையும் சிறையிடாதிருக்கவும் அது அவரைக் கட்டுப்படுத்தியது. டென்மார்க் அரசர்களின் கதையைப் போர்களைவிட இத்தகைய ஆவணங்களே தெளிவாகச் சொல்கின்றன. 1397இல் முதலாம் மார்கரெத்தே டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் கால்மார் ஒன்றியமாக இணைத்தார். 1523இல் சுவீடன் பிரிந்தது. 1448இல் ஓல்டன்பர்க் வம்சம் அரியணை ஏறியது. 1513 முதல் 1972 வரை அரசர்கள் கிறிஸ்டியன், பிரெடரிக் என்னும் இரு பெயர்களையே மாறி மாறிச் சூடி வந்தனர்.

நான்காம் கிறிஸ்டியன் (1588–1648) காலத்தில் இம்மரபு தமிழகக் கடற்கரையைத் தொட்டது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்று டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. 1706இல் மறைப்பணியாளர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிவைத்தவர் நான்காம் பிரெடரிக். 1845இல் அந்தக் குடியிருப்பு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

இம்மரபின் பெருந்திருப்பம் 1660இல் நேர்ந்தது. சுவீடனுடன் நடந்த போரால் நாடு கடனில் மூழ்கியிருந்தது. வரி கட்டாதிருக்கும் சலுகையைப் பிரபுக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முற்றுகையைத் தாங்கி நின்ற கோபன்ஹேகன் நகரத்தாரும் திருச்சபையாரும் மூன்றாம் பிரெடரிக்கின் பக்கம் சேர்ந்தனர். அரியணை வாரிசுரிமை ஆயிற்று. பழைய உறுதிச் சாசனம் நீக்கப்பட்டது. 1665இல் உருவான அரச சட்டம் மன்னரைக் கடவுளுக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக அறிவித்தது. அவர் லூத்தரன் சமயத்தில் நிற்க வேண்டும், நாட்டைப் பங்கிடக் கூடாது, தம் முழு அதிகாரத்தைத் தாமே குறைத்துக்கொள்ளவும் கூடாது. வரம்பற்ற அரசாட்சியையே முறையான சட்டமாக எழுதிவைத்தது ஐரோப்பாவில் டென்மார்க் மட்டுமே.

சடங்கும் அதற்கேற்ப மாறியது. முடியை மன்னருக்குச் சூட்டும் தகுதி எந்த மனிதருக்கும் இல்லை என்பது புதிய கொள்கை. எனவே மன்னர் தாமே முடியணிந்து பிரெடரிக்ஸ்போர்க் அரண்மனைக் கோயிலுக்குள் நுழைவார். பேராயர் எண்ணெய் பூசுவதோடு சரி. அதற்கென அமைந்த அரியணை கோபன்ஹேகனின் ரோசன்போர்க் அரண்மனையில் உள்ளது. ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் தந்தத்தால் செய்யப்பட்ட அந்த இருக்கையின் முன் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல் நிற்கின்றன. கடைசியாக எண்ணெய் பூசப்பட்டவர் எட்டாம் கிறிஸ்டியன், 1840இல். பின்னர் அந்த முடியை எவரும் அணியவில்லை. இறந்த மன்னரின் பேழைமீது வைப்பதற்கு மட்டுமே அது பயன்பட்டது.

அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் குவிந்தால் என்ன ஆகும் என்பதை ஏழாம் கிறிஸ்டியனின் ஆட்சி காட்டியது. மனநோயுற்றிருந்த அவருடைய பெயரால் மருத்துவர் ஸ்ட்ருயென்ஸே 1770 முதல் நாட்டை ஆண்டார். சித்திரவதையை ஒழித்தார், அச்சுத் தணிக்கையை நீக்கினார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகளை வெளியிட்டார். அரசி கரோலின் மட்டில்டாவுடன் அவருக்கிருந்த உறவு எதிரிகளுக்கு வாய்ப்பானது. 1772இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது.

1848 மார்ச்சில் மக்கள் அரண்மனையை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது ஏழாம் பிரெடரிக் போராடாமலே இணங்கினார். 1849 ஜூன் 5 அன்று அவர் கையெழுத்திட்ட அரசமைப்பு, வரம்பற்ற ஆட்சியை முடித்துவைத்தது. பிள்ளையில்லாத அவருக்குப்பின் 1863இல் குளூக்ஸ்பர்க் கிளையின் ஒன்பதாம் கிறிஸ்டியன் வந்தார். அடுத்த ஆண்டே ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் பறிபோயின. நாடு சுருங்கியது, குடும்பமோ பரந்தது. ஒரு மகள் பிரிட்டனின் அரசியானார், மற்றொருவர் ரஷ்யப் பேரரசியானார், ஒரு மகன் கிரேக்க மன்னரானார். ‘ஐரோப்பாவின் மாமனார்’ என்று அவரை அழைத்தனர். ஆனால் முதல் உலகப்போர் காட்டியபடி, அரசகுடும்ப உறவுகளால் நாடுகளின் பகையைத் தடுக்க முடியவில்லை.

1920இல் பத்தாம் கிறிஸ்டியன் அமைச்சரவையைத் தன்விருப்பாக நீக்கினார். பொது வேலைநிறுத்த மிரட்டலும் குடியரசுக் குரலும் எழவே பின்வாங்கினார். அவருக்குப்பின் எந்த அரசரும் அவ்வாறு செய்யவில்லை. ஆனால் 1940இல் ஜெர்மனி நாட்டைப் பிடித்தபின், அதே மன்னர் நாள்தோறும் மெய்க்காவலர் இன்றித் தனியாகக் கோபன்ஹேகன் தெருக்களில் குதிரையில் சென்றது மக்களுக்குத் தெம்பூட்டியது. யூதர்களுக்காக அவர் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்பது கட்டுக்கதை. யூதர்கள் அதை அணிய வேண்டும் என்னும் ஆணை டென்மார்க்கில் பிறப்பிக்கப்படவே இல்லை.

ஒன்பதாம் பிரெடரிக்கின் பிள்ளைகள் மூவரும் மகள்கள். 1953இல் பொதுவாக்கெடுப்பு மூலம் பெண்களுக்கும் அரியணை உரிமை கிடைத்தது. 1972இல் இரண்டாம் மார்கரெத்தே அரசியானார். மேடை உடை வடிவமைப்பும் நூல்களுக்கு ஓவியம் வரைவதும் அவர் விரும்பிச் செய்த பணிகள். 2009 வாக்கெடுப்பு மூத்த பிள்ளைக்கே, ஆணோ பெண்ணோ, முன்னுரிமை தந்தது. 2024 ஜனவரி 14 அன்று அமைச்சரவைக் கூட்டத்தில் கையெழுத்திட்டு மார்கரெத்தே பதவி விலகினார். டென்மார்க்கில் 1146க்குப் பிறகு ஒருவர் விரும்பி முடிதுறந்தது அதுவே முதல்முறை. அவர் மகன் பத்தாம் பிரெடரிக்கை அரசராக அறிவித்தவர் பேராயர் அல்லர். கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை மாடத்தில் நின்ற பிரதமர். நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களில் அரசர் இன்றும் கையொப்பமிடுகிறார். ஓர் அமைச்சரின் கையொப்பமும் சேர்ந்தால்தான் அது செல்லுபடியாகும்.