உதவி மானியமும் ஊரூர்ப் பள்ளியும்

அடையாறு கடலில் கலக்குமிடத்திற்குத் தெற்கே, வலை உலரும் மணற்பரப்பில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் குப்பத்தின் பெயரில் ஓர் அமெரிக்கர் எப்படி வந்தமர்ந்தார்? 1894இல் கர்னல் ஒல்காட் ஆதித்திராவிடர் பிள்ளைகளுக்காக இவ்வட்டாரத்தில் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் அவர். ஆவியுலகமும் அற்புதமும் பேசியவர். அவை நமக்கு வேண்டாதவை. பள்ளி வேண்டியது!

இலவசம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம், தோழர்களே! சர்க்கார் அன்று என்ன சொல்லிற்று? அரசின் உதவி பெறும் பள்ளி, சிறிதளவேனும் கட்டணம் வாங்கவேண்டும் என்பதைப் பொதுவிதியாக வகுத்தது, 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை. மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் மானிய விதிகள் வந்தன. பள்ளி நடத்துவோர் தம் பங்கைப் போட்டால்தான் அரசு தன் பங்கைப் போடும். பங்கு போட வல்லார் எவர்? நிலமும் நிதியும் உடையோர். ஆனால் உப்பு வரியை எவர் கட்டினர்? கஞ்சிக்கு உப்பிட்ட அனைவரும், கருவாடு போட்ட குப்பத்துக்காரர் உட்பட! எல்லாரும் கொடுத்த பணம், ஏற்கெனவே எழுத்தறிந்த தெருக்களை நாடிச் சென்றது.

1860களில் இன்னொரு முறையும் புகுந்தது: தேர்ச்சிக்குக் கூலி. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர் கணக்குப்படி பணம் தருவார். அந்நாளில் வயலுக்கோ கடற்கரைக்கோ வேலைக்குப் போன சிறுவனால் ஆசிரியருக்கு ஒரு காசும் கிடைக்காது. அத்தகைய சிறுவனைச் சேர்க்க எந்த ஆசிரியர் ஆசைப்படுவார்?

செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் ஆதித்திராவிடர் நிலையை விளக்கி எழுதிய குறிப்பு சர்க்காரை அசைத்தது. 1893இல் அவர்தம் கல்விக்குத் தனி ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டு ஊரூர்ப் பள்ளி. 1907இல் ஒல்காட் மறைந்தபோது பள்ளிகள் ஐந்தாயிருந்தன.

விதியின் கை அதன் பின்னும் நீண்டது. 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு தந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையர் ஆட்சி தடுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றது. புத்தகம் கல்வியாம், சோறு கல்வியன்றாம்! பசித்த பிள்ளை எந்தக் கணக்குத் தலைப்பில் அடங்குவான்? பின்னர்த்தான் அது மீண்டும் தொடங்கியது.

வெள்ளையர் போனார், நிபந்தனை போயிற்றா? 2024-25ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்த் தமிழகத்துக்குச் சேரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும், அதன்வழி புதிய கல்விக் கொள்கையிலும் கையெழுத்திடத் தமிழகம் மறுத்தது என்பதே காரணம். அன்று கட்டணம், பிறகு தேர்ச்சி, இப்போது கையொப்பம். 2025 மே மாதம், பிள்ளைகளின் பங்கைக் கேட்டு, தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.