வாகை மரத்தின் ஈரம்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் செதுக்கப்படுவதும் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதுமான மரச்சிற்பம், வாகை, வேம்பு, பூவரசு முதலிய ஊர்ப்புற மரங்களில் உருப்பெறும் கலையாகும். மேற்கே எழும் கல்வராயன் மலைகளோ, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மாகாணக் காடுகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த பின்னரும் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் ஆளுகையிலேயே இருந்து, 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. மரத்தின் உரிமை இவ்வாறு மலைக்கு ஒன்றாகவும் அடிவாரத்துக்கு ஒன்றாகவும் இருந்தபோதிலும், மரத்துக்குள் இருந்த நீர் இரண்டு இடத்திலும் ஒரே விதிக்கே கட்டுப்பட்டது.

நடுவில் இறுகியிருக்கும் பகுதியை வைரம் என்றும், அதைச் சூழ்ந்த இளம்பகுதியை வெளிறு என்றும் தமிழ் பிரித்தறிகிறது. உள்ளே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என வகுத்த தொல்காப்பிய மரபியல், இந்த வேறுபாட்டையே தாவரப் பாகுபாட்டின் அடிப்படையாகக் கொண்டது. வேரிலிருந்து நீர் ஏறும் வழி வெளிறாகும். வைரத்தின் குழாய்கள் பல மரங்களில் அடைபட்டுப்போவதால், அதிலுள்ள ஈரம் வெளியேற நெடுங்காலம் பிடிக்கிறது.

வெட்டிய மரத்தில் நீர் இரு நிலைகளில் தங்குகிறது: குழாய்களின் உள்வெளியில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும்போது மரத்தின் எடை குறைகிறதேயன்றி அளவு குறைவதில்லை; குழாய்ச் சுவர்களில் ஊறிய நீர் அதன் பின் வெளியேறத் தொடங்கியதும் மரம் சுருங்குகிறது. இந்த எல்லை, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு நீர் எஞ்சும் நிலையாகும். அமெரிக்க வனத்துறையின் ஹாரி டீமன் இதை 1906ஆம் ஆண்டில் வரையறுத்தார்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததே சிற்பியின் இடர். மரம் நீளவாக்கில் மிகச் சிறிதளவே சுருங்குகிறது. மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு, வளையங்களின் போக்கில் நிகழ்கிறது. தேக்கு போன்ற அடக்கமான மரத்திலும், முழு ஈரத்திலிருந்து முற்றும் உலரும்வரை, இவ்விரு திசைகளிலும் முறையே 2.5, 5.8 விழுக்காடு சுருக்கம் ஏற்படுகிறது. சுற்றளவு இவ்வாறு ஆரத்தை முந்திச் சுருங்குவதால், நடுமையத்தோடு கூடிய முழு உருளைக்கட்டை உலர்ந்தால் பெரும்பாலும் பிளந்தே தீரும். ஜப்பானியச் சிற்பிகள் சிலையின் உட்புறத்தைக் குடைந்து இதற்கு விடை கண்டனர். ஜோச்சோ 1053ஆம் ஆண்டில் பியோதோயின் கோயிலுக்குச் செய்த அமிதாபர் சிலை, உள்ளே குடைந்த பல கட்டைகளை இணைத்து ஆனதாகும். ஜெர்மானியச் சிற்பிகளும் லிண்டன் மரச் சிலைகளின் முதுகைக் குடைந்தனர்.

கட்டையின் வெட்டுமுனை வழியாகப் பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீர் வெளியேறுவதால் முனைகளே முதலில் வெடிக்கின்றன. முனைகளில் சாணமோ சேறோ பூசி நிழலில் அடுக்கும் இந்திய வழக்கம் அந்த வேகத்தைத் தணிப்பதற்கானது. முற்ற உலர்ந்த மரமும் ஓய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாக வறண்ட கோடையில் 7 அல்லது 8 விழுக்காடு நீரோடு நிற்கும் பலகை, ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் ஐப்பசி, கார்த்திகை மழைநாள்கள் நீடித்தால் 16 விழுக்காட்டை எட்ட முயல்கிறது. ஓரடி அகலத் தேக்குப் பலகை அதற்குள் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை அகலக்கூடும். கதவுச் சட்டத்தில் செதுக்குப் பலகையை ஆணியால் இறுக்காமல் காடிக்குள் தளர்வாக விடும் தச்சு முறை இந்த அசைவுக்கு இடமளிப்பதேயாகும். ஒரே கட்டையில் வடித்த தெய்வ உருவத்துக்கு அத்தகைய இடம் இல்லை. கள்ளக்குறிச்சிக் காற்றில் ஆண்டுக்கணக்கில் அமைதியாக நின்ற சிலை, ஐரோப்பியக் குளிர்காலத்தில் சூடேற்றிய அறையொன்றில், ஊரின் சித்திரை வெயிலும் காணாத 5 அல்லது 6 விழுக்காடு ஈரத்துக்கு இறங்கும்போது முதல் விரிசல் விடுவதும் உண்டு.