கூற்றும் கேட்போரும்: ஜான் லெனனின் இதழ் நேர்காணல்கள் (1966–1981)

முன்னுரை

சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் கேட்போரையும் ஒன்றாக நன்னூல் வைத்துள்ளது. தொல்காப்பியச் செய்யுளியலும் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றை அடுத்தடுத்த உறுப்புகளாக எண்ணுகிறது. யார் சொல்கிறார் என்பதோடு, யாருக்கு, எங்குச் சொல்லப்படுகிறது என்பதும் பொருளை வரையறுக்கும் என்னும் இக்கருத்து இதழ் நேர்காணலுக்கும் பொருந்தும். நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் செய்தியாளர். எனினும் உண்மையான கேட்போர் அவ்விதழின் வாசகரே ஆவர். இசைக்கலைஞர் வரலாற்றை எழுதுவோர் நேர்காணல்களை முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். வாசகரைக் கருதாமல் கூற்றை மட்டும் எடுத்தாளும்போது பிழையான முடிவுகள் தோன்றுகின்றன. பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சார்ந்த ஜான் லெனன் (1940–1980) வெவ்வேறு இதழ்களில் பேசியவற்றைக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கூற்று, இரு களன்

லண்டன் மாலை நாளிதழான ஈவினிங் ஸ்டாண்டர்டில் 1966 மார்ச் 4 அன்று மௌரீன் கிளீவ் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அது வினா-விடை வடிவில் அமைந்ததன்று. லெனனின் வீடு, உடைமைகள், படிக்கும் நூல்கள் ஆகியவற்றை வருணித்து, இடையிடையே அவர் பேச்சையும் தருவது. கிறித்தவம் தேய்ந்து வருகிறது என்றும், இயேசுவைவிடத் தம் குழு மக்களிடம் அதிகம் பெயர்பெற்றுவிட்டது என்றும் அவர் கூறியது அதில் ஒரு சிறு பகுதியாக இடம்பெற்றது. பிரிட்டனில் அதனால் பெரிய எதிர்ப்பு எழவில்லை. தேவாலயம் செல்வோர் குறைந்துவருவது அந்நாட்டினர் அறிந்த செய்தியாக இருந்தது.

சில மாதங்களுக்குப்பின் அதே கூற்று, பதின்பருவத்தினருக்கான அமெரிக்க இதழாகிய டேட்புக்கில், 1966 செப்டம்பர் எனத் தேதியிட்ட இதழில் மறுபதிப்பாயிற்று. கட்டுரையின் உள்ளே தணிவாக நின்ற கருத்து அட்டைக்கு வந்தது. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகர வானொலி அறிவிப்பாளர் இருவர் குழுவின் பாடல்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தனர். தென்மாநிலங்களில் இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டன. ஆகஸ்ட் 11 அன்று சிகாகோவில் லெனன் செய்தியாளர்முன் விளக்கமளித்து வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இங்குக் கூறியவரும் கூற்றும் மாறவில்லை. களனும் கேட்போருமே மாறினர். மேலும், டேட்புக் கருதிய வாசகர் பதின்பருவத்தினர். சினம் கொண்டவரோ அவ்விதழ் கருதாத பெரியோர். கருதிய கேட்போரோடு கருதாத கேட்போரும் ஒரு நேர்காணலின் வரலாற்றில் இடம்பெறுவர் என்பது இதனால் பெறப்படும்.

இசை இளைஞர் இதழ்

சான் பிரான்சிஸ்கோவில் 1967 நவம்பர் 9 அன்று தொடங்கிய ரோலிங் ஸ்டோன், ராக் இசையைத் தம் தலைமுறையின் குரலாகக் கருதிய இளைஞருக்கானது. அதன் முதல் இதழின் அட்டையில் லெனனின் படமே இடம்பெற்றது. குழு பிரிந்த 1970ஆம் ஆண்டின் டிசம்பரில் அவ்விதழின் ஆசிரியர் ஜான் வென்னர் எடுத்த நீண்ட நேர்காணல், 1971 ஜனவரி 21, பிப்ரவரி 4 ஆகிய இரு இதழ்களில் வெளிவந்தது. குழுவினரின் பாடல்களை முன்னரே அறிந்தவரை நோக்கிய பேச்சாதலின், அதில் அறிமுகம் குறைவு, உடைப்பு மிகுதி. குழுவினரிடையே நிலவிய கசப்பு, போதைப்பொருள், புகழின் வெறுமை ஆகியன மறைப்பின்றிப் பேசப்பட்டன. இந்நேர்காணல் அதே ஆண்டில் நூலாக்கப்பட்டதை லெனன் விரும்பவில்லை. ஒரு காலத்தின் வேகத்தில் இதழுக்குச் சொன்னது, நூலானபோது நிலைத்த வாக்குமூலமாக மாறிவிட்டது.

பொதுவாசகர் இதழ்

பிளேபாய் இசையிதழன்று, ஆண் வாசகரைக் கருதிய பொது இதழ். அதன் நீண்ட நேர்காணல் வரிசை 1962 செப்டம்பரில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிசுடன் தொடங்கியது. அலெக்ஸ் ஹேலி எடுத்த அந்நேர்காணல் இசையைக் கடந்து நிறவெறி குறித்து விரிவாகப் பேசியது. கலைஞரைச் சமூக மனிதராகக் காட்டும் அம்மரபிலேயே, 1980 செப்டம்பரில் டேவிட் ஷெஃப் லெனனையும் அவர் மனைவி யோகோ ஓனோவையும் சந்தித்தார். இசையுலகிலிருந்து விலகியிருந்த 5 ஆண்டுகள், மகனை வளர்த்தல், கணவன்-மனைவி பொறுப்புகள் ஆகியன அதில் முதன்மை பெற்றன. 1981 ஜனவரி இதழுக்கென அச்சான அது விற்பனைக்கு வந்த வேளையில், 1980 டிசம்பர் 8 அன்று லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். வாழ்வைப் புதிதாகத் தொடங்குபவரின் பேச்சு இறுதிச் சொல்லாக வாசிக்கப்பட்டது. பின்னர் வந்த நூற்பதிப்பில், எப்பாடலில் யார் பங்கு எது என்னும் விளக்கம் விரிவாக இடம்பெற்றது. அப்பதிப்பின் கேட்போர் இசை ஆர்வலராதலின் இவ்விரிவு பொருந்துவதாயிற்று.

முடிவுரை

1971, 1981 நேர்காணல்களின் வேறுபாட்டிற்குக் காலமும் அகவையும் காரணங்களாம் என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் 1966 நிகழ்வு, சொல் மாறாதிருக்கவும் கேட்போர் மாற்றத்தால் பொருள் மாறும் என்பதை நிறுவுகிறது. எனவே நேர்காணலைச் சான்றாகக் கொள்வோர் அது எவ்விதழுக்கு உரியது, எவ்வாசகரைக் கருதியது, மறுபதிப்பில் எப்பகுதி முன்னிறுத்தப்பட்டது ஆகிய மூன்றையும் உடன் ஆராய்தல் வேண்டும். கேட்போரை நீக்கிவிட்டுக் கூற்றை மட்டும் மேற்கோளாக்குவது, 1966இல் அட்டையில் நிகழ்ந்த பிழையை ஆய்வேட்டில் மீண்டும் நிகழ்த்துவதாகும்.