புகைவாயுப் பாதரசமும் டயர்க் கரியும்: பரப்பளவு என்னும் அளவுகோலுக்கு ஒரு மறுப்பு

ஒரு கிலோ நிலக்கரியில் உள்ள பாதரசம் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம்தான். கொதிகலனின் வெப்பத்தில் அது முழுவதும் தனிம ஆவியாகிறது. புகைவாயு குளிரும்போது, போதிய குளோரின் இருந்தால், ஒரு பகுதி மெர்க்குரிக் குளோரைடாக மாறும். நீரில் கரையும் இச்சேர்மம் கந்தக நீக்கத்துக்கான ஈரக் கழுவிகளில் பிடிபடும். தனிமப் பாதரசமோ நீரில் கரையாது. நிலைமின் வீழ்படிவாக்கியையும் கடந்து புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். அதைப் பிடிக்கக் கிளர்வுற்ற கரித்தூளைப் புகைவாயுவில் தூவுவது நிலைபெற்ற முறை. அதற்குத் தடை கரியின் விலை. பழைய டயர்களின் வெப்பச்சிதைவில் எஞ்சும் கரி இப்பணிக்கு உதவும்; ஆனால் அதை எடைபோடும் அளவுகோல் மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சந்தையில் கரியின் தரத்தை அயோடின் எண்ணும் பரப்பளவும் தீர்மானிக்கின்றன. கிளர்வுற்ற கரியின் பரப்பு கிராமுக்கு 500 சதுர மீட்டரைத் தாண்டும். டயர்க் கரியில் அது பெரும்பாலும் 100க்கும் கீழே. இதைக் காட்டியே டயர்க் கரியை ஒதுக்குகிறார்கள். ஆனால் புகைவாயுவின் ஒரு கனமீட்டரில் இருக்கும் பாதரசம் சில மைக்ரோகிராம் முதல் சில பத்து மைக்ரோகிராம் வரைதான். தூவிய கரி வாயுவோடு மிதப்பதும் ஓரிரு நொடியே. அந்நேரத்தில் நுண்துளைகளில் மிகப் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். பாதரச அணு தொடும் இடத்தில் அதைப் பிணைக்கும் வேதியியல் முனை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குளோரின் குறைந்த நிலக்கரியில் சாதாரணக் கரி தடுமாற, புரோமின் ஏற்றிய கரி வெற்றி பெறுவதற்குக் காரணம் இதுவே. அங்கே கூடுவது பரப்பன்று, வினைத்திறன்.

டயர் ரப்பரில் உறுதிக்காகச் சேர்த்த கந்தகம் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. வெப்பச்சிதைவுக்குப் பின் அதில் பெரும்பகுதி கரியிலேயே தங்குகிறது. பாதரசத்தை மெர்க்குரிக் சல்பைடாகப் பிணைக்க வல்லது கந்தகம். ஆயினும் டயரிலுள்ள துத்தநாகத்தோடு சேர்ந்த கந்தகமும் கரிமப் பிணைப்பிலுள்ள கந்தகமும் ஒரே வேகத்தில் வினைபுரிவதில்லை. ஆகவே மொத்தக் கந்தக விழுக்காட்டை மட்டும் அளப்பது பரப்பளவை மட்டும் அளப்பதைப் போலவே குறையுடையது. எளிய கரியும் பயன்படும் என்பதற்கு அமெரிக்க எரிசக்தித் துறை ஆய்வகம் உருவாக்கிய 'தீஃப்' முறை சான்று: உலையிலிருந்தே அரைகுறையாக எரிந்த நிலக்கரியை உறிஞ்சியெடுத்து, குளிர்ந்த புகைவாயுவில் தூவும் முறை அது.

எதிர்வாதங்களும் வலுவானவை. வாயுவின் வெப்பம் 150 பாகை செல்சியஸைத் தாண்டினால் கரியின் பிடிப்பு தளரும். கந்தக டிரையாக்சைடு வினைமுனைகளுக்குப் போட்டியிடும். பாதரசம் ஏறிய கரி உலர் சாம்பலோடு கலந்து செங்கல் சூளைக்குப் போனால், பிடித்த பாதரசம் மீண்டும் ஆவியாகும். சாம்பலை முதலில் பிரித்து, அதன்பின் கரியைத் தூவித் தனிப் பைவடிகட்டியில் சேகரிக்கும் 'டாக்ஸிகான்' அமைப்பு இதற்கு விடை. செலவு கூடினாலும் சாம்பலின் விற்பனைமதிப்பு காக்கப்படும்.

இந்தியாவில் உண்மையான தடை விதிமுறையில் இருக்கிறது. அனல்மின் நிலையங்களின் பாதரச வெளியேற்றத்துக்கு 2015இல் வகுத்த வரம்பு கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம். மேலே சொன்ன அளவு பாதரசமுள்ள நிலக்கரி, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமலே, கனமீட்டருக்குச் சுமார் 15 முதல் 20 மைக்ரோகிராம்தான் தரும். எதையும் செய்யாமலே நிறைவேறும் வரம்பு எந்த நிலையத்தையும் அசைக்காது. 2025 ஜூலையில் பெரும்பாலான அலகுகள் கந்தக நீக்கக் கருவி பொருத்தும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றதால், கழுவியில் தற்செயலாகக் கிடைத்திருக்கக்கூடிய பலனும் போயிற்று. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் ஏற்ற நாடு இதோடு நிறைவடையக் கூடாது. வரம்பை இறுக்குவதும், வினைபுரியும் கந்தகம், குளோரின் ஆகியவற்றின் அளவையும் சூட்டில் பாதரசம் கசியாத உறுதியையும் கொண்டு கரியைத் தரப்படுத்துவதும் ஒருசேர நடக்கவேண்டும். வரம்பு இறுகாவிட்டால் நல்ல கரியையும் வாங்குவோர் இல்லை. தரம் வகுக்காவிட்டால் இறுகிய வரம்பையும் மலிவாக எட்ட வழியில்லை.