கண்ணாடியைப் பிடித்து நிற்கும் கறுப்புப் பசை

காரின் முன்கண்ணாடி எதனால் விழாமல் நிற்கிறது? பழைய அம்பாசடரைப் பார்த்தவர்கள் "ரப்பர் பீடிங்" என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் எல்லா நாட்டுக் கார்களிலும் அதுதான். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் போதும், வேலை முடிந்தது!

ஆனால் கார் வேகமாக மோதினால் கண்ணாடி சட்டத்தை விட்டுக் கழன்றுவிடும். சீட் பெல்ட் போடாதவர் அந்த ஓட்டை வழியாகவே வெளியே தூக்கி எறியப்படுவார். அமெரிக்காவில் 1970 ஜனவரியில் அமலுக்கு வந்த 212-ஆம் எண் பாதுகாப்பு விதி இதைத்தான் குறிவைத்தது. மணிக்கு 30 மைல் வேகத்தில் தடுப்புச் சுவரில் மோதினாலும் கண்ணாடியின் விளிம்பில் பெரும்பகுதி சட்டத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்றது அது. பாலிசல்பைடு, பியூட்டைல் என்று சில பசைகள் வந்து போக, கடைசியில் நிலைத்தது யூரித்தேன்.

இந்த யூரித்தேன் கொஞ்சம் வினோதமான ஆள். நாம் வீட்டில் பார்க்கும் பசைகள் பலவும் காய்ந்தால்தான் இறுகும். இதுவோ காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இறுகும், அதுவும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி, மெதுவாக. குளிரும் வறட்சியும் சேர்ந்தால் இன்னும் தாமதம். ஒட்டும் இடத்தில் கைவிரல் எண்ணெய் பட்டாலும் பிடிப்பு போச்சு. அதனால்தான் முதலில் துடைத்து, பிரைமர் பூசி, பிறகு பசை வைக்கிறார்கள்.

இன்னொரு எதிரி வெயில். புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியே புகுந்து பசையின் பிடியைக் கெடுத்துவிடும். கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று ஓடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அழகுக்கு என்று நினைத்தால் தவறு. சூளையில் சுட்டுப் பதித்த செராமிக் பெயின்ட் அது, பசைக்குப் பிடித்த குடை!

ஏர்பேக் வந்ததும் பசையின் பொறுப்பு இன்னும் கூடியது. அமெரிக்கக் கார்களில் 1998 மாடல் முதல் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். பல கார்களில் பக்கத்து சீட்டின் பை விரியும்போது முன்கண்ணாடியில் மோதி, அதில் சாய்ந்துதான் ஆளைத் தாங்குகிறது. கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனால் பைக்கு முட்டுக் கொடுக்க எதுவும் இல்லை.

தொழிற்சாலையில் இதையெல்லாம் அளந்து, சோதித்துச் செய்கிறார்கள். உடைந்த கண்ணாடியை மாற்றும் பட்டறையில்தான் சிக்கல். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்று பசைக் கம்பெனிக்காரர்களே வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப நேரம் குறித்துத் தருகிறார்கள். ஆனால் பட்டறைக்காரருக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது, வண்டிக்காரருக்கோ ஆபீஸுக்கு நேரமாகிறது. வெளியே தொட்டுப் பார்த்தால் பசை இறுகிவிட்டது போலத்தான் இருக்கும், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும்.