முதுகலை ஆய்வுத் திட்டம் (உயிரியல்), சிவகாசி வட்டாரத்தில்

முதுகலை உயிரியல் ஆய்வுத் திட்டம் என்பது எம்.எஸ்சி. மாணவர் வழிகாட்டியின் மேற்பார்வையில் ஒரு கேள்விக்கு விடை தேடி, ஆய்வேடாக எழுதி, வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லும் பணி. மாணவர் பேச்சில் அது ‘ப்ராஜெக்ட்’, வழிகாட்டி ‘கைடு’. பெரும்பாலும் கடைசிப் பருவத்தில் வரும். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும் (1947) சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் (1963) இவ்வட்டாரத்தின் பழைய கல்லூரிகள்.

ஊருக்கே உரிய கேள்வி காலடி மண்ணில் கிடக்கிறது. சிவகாசியில் செய்யும் பட்டாசுகளின் மருந்தில் சேரும் பெர்குளோரேட் உப்பு நீரில் எளிதில் கரையும். இப்பகுதி நிலத்தடி நீரிலும் காணப்பட்டிருக்கிறது. தைராய்டு சுரப்பி அயோடைடை உறிஞ்சுவதை அது தடுக்கும். குடிநீரில் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு அளவு. ஆனால் டெக்குளோரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதைக் கொண்டே சுவாசித்துக் குளோரைடாக மாற்றிவிடுகின்றன. நம் கண்மாய்ச் சேற்றில் அவை உண்டா? ஒரு பருவத்துக்கு இவ்வளவு போதும்.

பட்டாசுத் தொழிற்சாலைக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. ஓடையிலும் கண்மாயிலும் சேறு எடுப்பதே முறை. காற்றுப் புகாமல் மூடிய குழாயில் சேறு, அசிடேட், பெர்குளோரேட். பக்கத்தில் அதே கலவை, ஆனால் ஆட்டோகிளேவில் வேகவைத்த சேறு. முதல் குழாயில் மட்டும் பெர்குளோரேட் குறைந்தால்தான் அது உயிரின் வேலை. குளோரைடு கூடுவதைச் சில்வர் நைட்ரேட் தரம்பார்த்தலில் கல்லூரி ஆய்வகத்திலேயே காணலாம். கலவையில் குளோரைடு ஏற்கெனவே மிகுந்திருந்தால் அந்தச் சிறு மாற்றம் அதில் அமுங்கிவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சேற்றில் நைட்ரேட் இருந்தாலும் பெர்குளோரேட் சிதைவது தாமதப்படலாம். அதனால், மாற்றம் தெரியாத குழாயை உடனே கொட்டிவிடாமல் தேதியிட்டுக் குறிப்பேட்டில் பதிவது அவசியம். நல்ல கைடு முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் வேலை வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தவறவிடும். ஆகவே ஆய்வேட்டில் எழுத முடிவது, ‘இந்தக் கண்மாயில், இந்த மாதங்களில், இத்திறன் உள்ள நுண்ணுயிரிகள் இருந்தன’ என்பது வரைதான். கிணற்றுநீரை அவை சுத்தமாக்கும் என்று சொல்ல அடுத்த ஆய்வு வேண்டும்.